இக்னோர் போட மாட்டேன்

குலுக்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடலூரிலிருந்து ராஜவேல் போன் செய்தார். நல்லாண்டிக்குப்பத்தில் சுனாமி வீடுகள் கட்டி முடித்திருந்த தொண்டு நிறுவனத்தின் திட்ட அலுவலர் அவர். யாருக்கு எந்த வீடு என்று குலுக்கிச் சொல்ல நான் எழுதிக் கொடுத்த புரோகிராமை அன்று காலையில் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“எழுபத்தொம்பது பேரு ஓடிச்சு, அப்புறம் என்னமோ இங்கிலீசுல காட்டிட்டு நின்னு போச்சு மேடம்.”

“அப்படியே படிங்க சார்.”

“ஆஸ்கின்னு ஆரம்பிக்கிது. கடைசில ‘ஆர்டினல் நாட் இன் ரேஞ்ச்’. எங்க ஆபீஸ்ல செல்லுக்கே ரேஞ்ச் கெடைக்காது. அதுனாலயா?”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். என் கம்ப்யூட்டரில் நூறு தடவை ஓடிய புரோகிராம் அது. அவரிடத்தில் எண்பதாவது பெயரைத் தொட்டதும் படுத்துவிட்டது. எண்பதாவது பெயர் யாருடையது என்று எனக்கு மனப்பாடம். சின்னம்மாள்.

இது 2007 ஜூன் மாதக் கதை. அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜுகளுக்கு எதிரே நடனசபாபதி சாரின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்தேன். முன்பக்கம் பிரவுசிங்கும் ஆராய்ச்சிக் கட்டுரை டைப்பிங்கும். ப்ளைவுட் தடுப்புக்குப் பின்னால் ‘சாஃப்ட்வேர் டிவிஷன்’ என்று ஒரு போர்டு. டிவிஷன் என்றால் நான் ஒருத்திதான்.

நல்லாண்டிக்குப்பத்தில் தொண்ணூறு வீடு கட்டியிருந்தார்கள். ஆனால் ஊர்க் கணக்கில் குடும்பம் எழுபத்தொன்பதுதான். அந்த ஊரில் எதையும் தலைக்கட்டு வைத்துத்தான் பிரிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் செத்துப்போனால் அந்தத் தலைக்கட்டும் போய்விடும். அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் உயிரோடுதான் இருப்பார்கள், ஆனால் எண்ணிக்கையில் இருக்க மாட்டார்கள். அலையில் புருஷனை இழந்த பதினோரு பெண்கள் இப்படித்தான் இரண்டரை வருஷமாகத் தகரக் கொட்டகையில் கிடந்தார்கள். மகளிர் குழுத் தலைவி மங்கம்மா கடலூருக்கும் ஊருக்குமாக அலைந்து, நிறுவனத்தோடு சண்டை போட்டு, அந்தப் பதினோரு பேரையும் பட்டியலில் சேர்க்க வைத்திருந்தார். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பதினோரு வீட்டுக்கு அவர்களிடம் வேறு ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

எழுபத்தொன்பது ஆண்களின் பெயரை ராஜவேலின் ஆபீஸிலேயே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டார்கள். பதினோரு பெண்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு மங்கம்மாவே பஸ் ஏறி எங்கள் சென்டருக்கு வந்தார். சின்னம்மாளும் கூட வந்திருந்தார். ஒல்லியான உருவம், கையில் மீன் கூடை தூக்கித் தூக்கிக் காய்ப்பு. நான் இங்கிலீஷில் அடிக்க ஆரம்பித்ததும் மங்கம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தமிழ்ல அடி பொண்ணு.”

“ரெண்டும் ஒண்ணுதாங்க்கா.”

“ஒனக்கு ஒண்ணு. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. தமிழ்ல இருந்தா எங்க பேரு உள்ளார இருக்குதா இல்லியான்னு நானே பாத்துக்குவேன். இங்கிலீசுல வெச்சா அவுங்க சொல்றத நம்பணும். நம்பித்தான் இவ்ளோ நாளு கொட்டாயில கெடக்குறோம்.”

தமிழிலேயே அடித்தேன். எப்போதும் தமிழிலேயே இருக்கும் என்று வாக்கும் கொடுத்தேன். மங்கம்மா திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். கண்ணாடியில் விழுந்த விரல் தடத்தை நடனசபாபதி சார் கைக்குட்டையால் துடைத்தார்.

ராஜவேலின் போனை வைத்ததும் சாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் புரோகிராமிங் தெரியும். கொஞ்சம் தெரிந்தவர்களிடம் மாட்டிக்கொள்வது போலக் கஷ்டம் வேறு இல்லை.

“இதுக்கா இந்த மூஞ்சி? படிக்கிற எடத்துல இக்னோர்னு ஒரு வார்த்தை போடு. புரியாத எழுத்து வந்தா விட்டுட்டுப் போயிடும், எர்ரர் வராது. போட்டு பில்ட் பண்ணி அனுப்பு.”

போட்டேன். பொய் சொல்லப் போவதில்லை, நான்தான் போட்டேன். பயத்தில் இருந்தேன். முன்பக்கம் பிரவுசிங்குக்கு இருந்த நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில், நான் புரோகிராம் எழுதும் பைத்தான் மொழி கிடையாது, ராஜவேலின் லேப்டாப்பைப் போலவேதான். அதில் கொண்டுபோய் ஓட்டினேன். எந்தத் தகராறும் இல்லாமல் ஓடியது. கடைசியில் இங்கிலீஷில் அழகாக ஒரு வரி வந்தது. ஒதுக்கப்பட்ட வீடுகள் 79. மீதம் 11.

நடந்தது இதுதான். தமிழ் எழுத்து ஒன்றுகூட அதற்குப் புரியாது, அதனால் எல்லா எழுத்தையும் விட்டுவிட்டது. எல்லா எழுத்தையும் விட்டால் பெயர் வெறும் வரி ஆகிவிடும். வெறும் வரி வந்தால் தாண்டிப் போ என்று நான்தான் முன்பே எழுதி வைத்திருந்தேன், ஆபீஸ்காரர்கள் அனுப்பும் பட்டியலின் அடியில் எப்போதும் நாலைந்து காலி வரி கிடக்கும் என்பதால். ஆக, பதினோரு பெண்களையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது என்னுடைய சுத்தம்தான். ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு பீப் சத்தம்கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் வரும், வீட்டில் அதற்காகவே எனக்குப் பட்டப்பெயர் உண்டு. ஆனால் இது வேறு கோபம். அண்ணாகிராமம் பக்கத்தில் எங்கள் காலனிப் பள்ளியில் நான் எட்டாவது படித்தபோது உதவித்தொகைப் பட்டியலில் என் பெயர் இல்லை. அப்பா முந்திரித் தோப்பு வேலையை விட்டுவிட்டு ஆபீஸுக்கு நடந்தார். ‘விட்டுப்போச்சுப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்றார் அங்கிருந்த கிளார்க். யார் விட்டது, எப்படி விட்டது என்று அப்பா கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை, கேட்டால் அடுத்த வருஷமும் விட்டுப்போகும் என்று தெரிந்திருந்தது. அந்த கிளார்க்கின் வேலையை இப்போது நான் ஒரு புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

“சார், இக்னோர் போட மாட்டேன்,” என்றேன்.

“அப்ப அந்தப் பதினோரு பேரை இங்கிலீசுல அடிச்சுடு. நாலு நிமிஷ வேலை.”

“வாக்கு குடுத்திருக்கேன் சார்.”

“யாருக்கு? மீன் விக்கிற அம்மாவுக்கா?” சார் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்கு லாட்ஜில் இடம் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“ஆமாம் சார். மீன் விக்கிற அம்மாவுக்குத்தான்.”

அன்றும் மறுநாளும் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரில் ஓடுவது ஏன் அங்கே ஓடவில்லை என்று தேடினேன். பைத்தான் இல்லாத கம்ப்யூட்டரில் ஓட வேண்டுமென்றால், எழுதியதையும் அதற்கு வேண்டிய மற்ற ஃபைல்களையும் ஒன்றாகக் கட்டித் தனிப் புரோகிராமாக அனுப்ப வேண்டும். கட்டுச்சோறு கட்டுவதைப் போல. உப்பை வீட்டில் விட்டுவிட்டால் வழியில் கிடைக்காது. நான் விட்ட உப்பு என்ன என்பது மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் வேறு ஏதோ வேலைக்காக என் கம்ப்யூட்டரின் பைத்தானுக்குள்ளேயே, எந்த எழுத்து வந்தாலும் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தேன். எழுதியதை மறந்தும் போனேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எதிலும் தமிழ் தகராறு செய்யவே இல்லை. ஆகா, நமக்குத் திறமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூட்டை கட்டும்போது அந்த வரி மூட்டைக்குள் போகவில்லை. வெளியே போனதும் புரோகிராமுக்குத் தெரிந்தது இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான்.

பெயரைப் படிக்கும் இடம், திரையில் காட்டும் இடம், அச்சுக்கு அனுப்பும் இடம் என்று ஒவ்வொன்றிலும் இது யூனிகோட் என்று வாய்விட்டுச் சொல்லித் திருத்தினேன். எழுத்து மாற்றும் ஃபைல்களையும் விடாமல் மூட்டைக்குள் வைத்தேன். காலி வரியைத் தாண்டிப் போகும் வரியை அழித்தேன். அதற்குப் பதிலாக, ஒரு பெயரைப் படிக்க முடியாவிட்டாலும் எத்தனையாவது வரி என்று சொல்லிவிட்டு நில், குலுக்காதே என்று எழுதினேன். நாலாம் நம்பரில் ஓட்டினேன். தொண்ணூறு பெயரும் வந்தன. தடுப்புக்குப் பின்னால் போய் ரெண்டு நிமிஷம் அழுதேன், பிறகு பென் டிரைவில் ஏற்றினேன்.

“ஊரே கூடியிருக்கும்போது அது நின்னு போச்சுன்னா சென்டர் பேரு கெட்டுடும்,” என்றார் சார்.

“கெடட்டும் சார்.”

“அப்படீன்னா நீயே எடுத்துட்டுப் போ. நின்னுச்சுன்னா இந்தப் பக்கம் வராதே.”

குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. ஆலப்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ கிடைக்காமல் நடந்து போய்ச் சேர்ந்தபோது பத்தரை ஆகிவிட்டது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பந்தல். மேஜையில் லேப்டாப், அதிலிருந்து வாடகை டிவிக்கு வயர். நான் வந்துதானே ஆரம்பிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு நம்பர் விழ விழ ஆண்கள் பக்கம் விசில்.

மேஜையில் ஒரு சிடி உறை கிடந்தது. மேலே நடனசபாபதி சாரின் கையெழுத்து. எனக்குத் தெரியாமல், நாலாம் நம்பரில் கிடந்த இக்னோர் போட்ட புரோகிராமைச் சிடியில் ஏற்றி முந்தின நாளே பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேஜைக்குப் போவதற்குள் டிவியில் அந்த வரி வந்துவிட்டது. ஒதுக்கப்பட்ட வீடுகள் 79. மீதம் 11.

பெண்கள் பக்கம் சின்னம்மாள் எழுந்து நின்று டிவியையே பார்த்தார். மங்கம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஊர்த் தலைவர் தங்கராசு மைக்கை எடுத்தார். வெள்ளை வேட்டி, கனத்த குரல். “கம்ப்யூட்டரே சொல்லிட்டுது. எழுபத்தொம்பது தலக்கட்டு, எழுபத்தொம்பது வூடு. மீதி பதினொண்ணும் ஊரு பொதுவுல வரும். யாருக்குக் குடுக்குறதுன்னு பஞ்சாயத்து பேசிக்கும்.”

ராஜவேல் என் காதருகே வந்தார். “ஏதோ மிஸ்டேக் போலருக்கு மேடம். இப்ப கிளப்பாதீங்க. ஆபீஸ்ல போயி அமைதியா பேசிக்கலாம்.”

ஆபீஸில் அமைதியாகப் பேசினால் என்ன நடக்கும் என்று என் அப்பாவைக் கேட்டால் சொல்வார். தங்கராசுவின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் பிறகு சொன்னார்கள்.

“என் பேரு ஜான்சி. இந்தப் புரோகிராம எழுதுனது நாந்தான். இப்ப ஓடுனது தப்பான புரோகிராம். பதினோரு பேரு தமிழ்ல இருந்துச்சு. தமிழ் படிக்கத் தெரியாம அந்தப் பதினோரு பேரையும் அது தூக்கிப் போட்டுடுச்சு. பேரு பட்டியல்ல இருக்குது. குலுக்கல்ல சேரல.”

“கம்ப்யூட்டரு தப்பே பண்ணாதுன்னுதான கொண்டாந்தீங்க?” என்றார் தங்கராசு.

“கம்ப்யூட்டரு பண்ணல. நான் பண்ணேன்.”

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. தப்பு பண்ணேன் என்று ஒருத்தி மைக்கில் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாளையிலிருந்து சென்டருக்குப் போக வேண்டியதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

“சரி, தப்பாவே இருக்கட்டும்,” என்றார் தங்கராசு. மைக் இல்லாமலே அவர் குரல் கடைசி வரைக்கும் கேட்கும். “அம்மன் முன்னாடி ஒரு தபா குலுக்கிட்டா குலுக்குனதுதான். ரெண்டாவது குலுக்கல் இந்த ஊருல நடந்ததில்ல. வேணும்ன்னா கேட்டுப் பாரு.”

அது உண்மை. பெரியவர்கள் தலையாட்டினார்கள். கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம், ஊர் வழக்கத்துக்கு நான் எங்கே போக?

மங்கம்மா எழுந்தார். “ரெண்டாவது குலுக்கல் வாணாம் மாமா. மொதக் குலுக்கலே இன்னும் நடக்கலியே.”

“இன்னா சொல்லுற நீ?”

“வலை குடுத்தப்ப கொடத்துல சீட்டு போட்டீங்க. எப்படிப் போட்டீங்க? ஒவ்வொரு சீட்டா பேரு படிச்சு, ஊருக்குக் காட்டி, மடிச்சு உள்ளார போட்டீங்க. எல்லா சீட்டும் உள்ளார போனப்புறந்தான் கொடத்தத் தூக்குனீங்க. ஒரு சீட்டு வெளிய கெடந்தாலும் அது குலுக்கல் இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கி யாரு பேரு படிச்சா? யாரு காட்டுனா? எங்க சீட்டு பதினொண்ணும் கொடத்துக்குள்ளவே போவல.”

அந்த வழக்கத்தைத் தங்கராசுவே பல தடவை மைக்கில் சொல்லியிருக்கிறார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், “மங்கம்மா சொல்லுறது ஞாயந்தானே,” என்றார். எண்பத்தெட்டாம் நம்பர் வீடு விழுந்தவர் அவர், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம். அடுத்து எண்பத்து மூன்றாம் நம்பர்க்காரர் எழுந்தார். எண்பத்தாறு எழுந்தது. பள்ளத்தில் வீடு விழுந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிமிஷத்தில் விதவைகள் மேல் பரிவு பொங்கியது. எனக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை. நியாயம் எந்த வழியாக வந்தாலும் வரட்டும் என்று பென் டிரைவைச் செருகினேன்.

இந்தத் தடவை குலுக்கும் முன்னால் பெயரைப் படித்தோம். எழுபத்தொன்பது பெயரை ராஜவேல் டிவியைப் பார்த்துப் படித்தார். எண்பதாவது பெயர் வந்ததும் மங்கம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, விரல் வைத்து, “சின்னம்மாள்,” என்று படித்தார். தொண்ணூறு வரைக்கும் அவரே படித்தார். பிறகு நான் என்டர் தட்டினேன். அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்கள் பக்கம் விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கமும் விசில் கேட்டது. கண்ணைத் திறந்தேன். ஒதுக்கப்பட்ட வீடுகள் 90. மீதம் 0.

சின்னம்மாளுக்கு ஆறாம் நம்பர். ரோட்டோர வரிசை, மேடு, பக்கத்திலேயே அடிபம்பு. முதலில் ஓடியதில் அது தங்கராசுவின் மூத்த மகனுக்கு விழுந்திருந்தது. இப்போது அவனுக்கு எண்பத்தைந்து, பள்ளம்.

கூட்டம் கலைவதற்குள் தங்கராசு சின்னம்மாளிடம் வந்தார். குரலை நன்றாகவே தணித்துக்கொண்டார். “ஒண்டிப் பொம்பள, ரோட்டு மேல எப்படிம்மா இருப்ப? எண்பத்தஞ்சு உள்ளடங்கி இருக்குது. நீ அத எடுத்துக்க. நம்மூருக்குள்ள பேசி மாத்திக்கலாம்.”

ராஜவேல் தலையாட்டினார். ரெண்டு பேரும் சம்மதித்தால் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனத்தின் விதியிலேயே இருந்தது.

சின்னம்மாள் தங்கராசுவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தலைவர் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசாத ஊரில் இருப்பவர். தினமும் அதே கரையில் மீன் வாங்க வேண்டியவர். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

“எனக்கு இன்னா தெரியும் மாமா? பேரு கம்ப்யூட்டர்ல ஏறிப் போச்சு. அத எழுதுன பொண்ண கேளுங்க, மாத்த முடியுமான்னு.”

தங்கராசு என்னைப் பார்த்தார். ராஜவேல் பார்த்தார். சின்னம்மாளும் பார்த்தார், அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை, என்ன சொல்லப் போகிறாய் என்ற கேள்விதான் இருந்தது. ரெண்டு பெயரை இடம் மாற்ற எனக்கு அரை நிமிஷம் போதும்.

“முடியாதுங்க,” என்றேன்.